யானையின் வாலில் ஒரு விசில்

கதவு பெரிய சத்தம் எதுவும் போடவில்லை. வீட்டு பீரோவைச் சாத்துகிற மாதிரி ஒரு 'தப்'. பிறகு வெளியே யாரோ கைப்பிடியைத் திருப்ப, பூட்டு நாக்குகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தன.

"அண்ணி," என்றான் ரேடியோ. "நம்மள உள்ள வெச்சு சாத்திட்டாங்க."

"ஷ்ஷ்."

"எலிப்பொறியிலகூட ஒரு தேங்காத் துண்டு வெப்பாங்க. இங்க அதுவும் இல்ல."

"அவர் என்ன சொல்லிட்டுப் போனார்? சத்தம் காட்டாதீங்கன்னாரா இல்லையா? சும்மா இரு."

ரேடியோ சும்மா இருந்தான். அவனைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை. வாய் ஓயாது என்பதால் அண்ணன் வைத்த பெயர்தான் ரேடியோ. துப்பறியும் நிலையத்தை ஆரம்பித்ததும் அண்ணன்தான். அவர் போன பிறகு பெயர்ப்பலகையைக் கழற்ற ஆள் வந்தபோது, "அது இருக்கட்டும்" என்றாள் அண்ணி. மறுநாள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். ரேடியோ எதிர் நாற்காலியிலேயே தொடர்ந்தான். கொழுந்தன் என்கிற உறவு போய், உதவியாளர் என்கிற உத்தியோகம் வந்ததே தவிர, வாங்குகிற திட்டில் மாற்றம் இல்லை.

இப்போது அவர்கள் ஒளிந்துகொண்டிருந்தது ஒரு விமானத்தின் வயிற்றுக்குள். ராணுவத்துக்காகப் புதிதாகக் கட்டப்படும் கனரகச் சரக்கு விமானம். டாங்கிகளையும் ஒரு பட்டாளத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகவேண்டியது. காகிதத்தில் அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணும் உண்டு. அதைக் கட்டுகிற கொட்டகையில் எல்லோருக்கும் அது 'யானை'. இன்னும் ஒருமுறைகூடத் தரையை விட்டுக் கிளம்பாத யானை.

அதன் வயிற்றில்தான் ஒரு மனிதர் விழுந்து செத்திருந்தார்.

மூக்கு நுனியில் எப்போதும் கண்ணாடி தொங்குவதால் அவருக்குக் கண்ணாடியார் என்று பெயர். ஒவ்வொரு போல்ட்டும் சரியான இறுக்கத்தில் இருக்கிறதா என்று சோதித்து, சரியென்றால் மஞ்சள் பெயிண்டால் அதன்மேல் ஒரு கோடு போடுகிற பரிசோதகர். சென்ற மாதம் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், வயிற்றையும் வாலையும் பிரிக்கிற பின்பக்க வளையத்தின் உச்சியில், சுவரோடு பதித்த இரும்புப் படிகளில் ஏறி வேலை பார்த்தவர், சாப்பிட்டுவிட்டு ஆட்கள் திரும்பியபோது கீழே தரையில் கிடந்தார். பக்கத்தில், இறுக்கத்தை அளந்து முடுக்குகிற அவருடைய டார்க் ரெஞ்ச். இடுப்பு பெல்ட்டின் கொக்கி எதிலும் மாட்டியிருக்கவில்லை. மேலே பாதி போல்ட்டுகளில் மஞ்சள் கோடு, மீதியில் இல்லை. 'வேலையின் நடுவே, கொக்கி மாட்டாமல், கை நழுவி விழுந்தார். முழுக்க அவருடைய கவனக்குறைவு' என்றது அறிக்கை.

அறிக்கையோடு நிறுத்தியிருந்தால் அவர் மனைவி அண்ணியைத் தேடி வந்திருக்கமாட்டாள். அவளுக்கும் அதே கொட்டகையில்தான் வேலை. விமானத்தின் உடம்பில் சோப்புத் தண்ணீரைத் தடவி, எங்கே குமிழ் கிளம்புகிறதோ அங்கே காற்று கசிகிறது என்று கண்டுபிடிக்கிற குழுவின் தலைவி. சோப்பு அக்கா என்றால்தான் அங்கே தெரியும். அவள் கணவனின் படத்தைப் பெரிதாக்கி, அடியில் 'கவனக்குறைவின் விலை' என்று எழுதி, கொட்டகை வாசலில் மாட்டிவிட்டார்கள். தினமும் காலையில் அதைக் கடந்துதான் அவள் உள்ளே போகவேண்டும்.

"எங்க வீட்டுல கேஸ் அடுப்ப அணைச்சிட்டு, அணைஞ்சிருக்கான்னு திரும்ப வந்து பாக்கற மனுஷன்மா அவர்," என்று அவள் அண்ணியிடம் சொன்னாள். "போன உசுரு வராது. அத நான் தாங்கிக்கறேன். ஆனா அந்தப் படம் அங்க தொங்கக் கூடாது."

அண்ணி உடனே சரியென்றாள். ஏனென்று ரேடியோவுக்குத் தெரியும். அண்ணன் போனபோது ஆஸ்பத்திரிக்காரர்கள் சாவுக்குக் காரணம் என்று எழுதிக்கொடுத்த ஒற்றை வரியை அவள் எத்தனை இரவுகள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை அவன் பார்த்திருக்கிறான்.

காலையில் வந்ததுமே கொட்டகையின் தலைவர், எல்லோரும் சீஃப் என்று அழைக்கும் நெட்டை மனிதர், அவர்களை நிற்கவைத்தே பேசினார். கண்ணாடியாரின் ரெஞ்ச் கிடந்த பிளாஸ்டிக் பையைக் காட்டினார். விழுந்த இடத்திலிருந்து எடுத்து அப்போதே சீல் வைத்தது. அண்ணி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சீஃப் பொறுமையிழந்து, பக்கத்துத் தள்ளுவண்டியிலிருந்து இன்னொரு ரெஞ்சை எடுத்து, வாத்தியார் பிரம்பு மாதிரி யானையை நோக்கி நீட்டினார்.

"இன்னிக்கு இதுக்குள்ள காத்து ஊதிப் பாக்கப் போறோம். தாங்கிடுச்சுன்னா அடுத்து பறக்கறதுதான் பாக்கி. அதுவரைக்கும் உங்க நிழல்கூட இதுமேல படக் கூடாது. புரியுதா?"

ரெஞ்சை வண்டியில் 'டங்'கென்று எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

"நிழலுக்குத் தனியா பாஸ் வாங்கணும் போலிருக்கே அண்ணி," என்று ரேடியோ முணுமுணுத்தபோதுதான் டிரில் மாஸ்டர் வந்தார். சோப்பு அக்காவின் உடன்பிறந்த அண்ணன். யானையின் எலும்புகளில் துளை போடுகிற குழுவுக்கு மேஸ்திரி. தங்கையை இந்த வேலையில் சேர்த்ததும், கண்ணாடியாருக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கண் சிவந்திருந்தது. சீஃப் எறிந்த ரெஞ்சை எடுத்து, அதன் பிடியைக் கரகரவென்று திருகிவிட்டு, பலகையில் அதன் இடத்தில் மாட்டினார்.

"எதுக்கு அண்ணே திருகறீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"இதுவா? எவ்வளவு இறுக்கணுமோ அந்த நம்பர இதுல வெச்சுக்கிட்டுதாம்மா வேல செய்வோம். முடிஞ்சதும் நம்பர அடிக்கு இறக்கிடணும். இல்லேன்னா உள்ள இருக்கற ஸ்பிரிங் சோர்ந்துபோயி பொய் சொல்ல ஆரம்பிச்சிடும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மச்சான் போனதுலேர்ந்து எந்தங்கச்சி ஒரு வாய் ஒழுங்காத் திங்கறதில்ல. நீங்க அந்த எடத்தப் பாத்தே ஆகணும். சாப்பாட்டு மணி அடிச்சதும் வாங்க. நான் உள்ள விடறேன்."

விட்டார். யானைக்குள் ஏறுகிற ஒவ்வொருவரும் படிக்கட்டுக்குப் பக்கத்திலுள்ள பலகையில் ஒரு பித்தளை வில்லையை மாட்டவேண்டும், இறங்கும்போது எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் கதவைச் சாத்த எவனுக்கும் துணிச்சல் வராது. அந்தக் கொட்டகையில் அது தலையில் அடித்துச் செய்த சத்தியம் மாதிரி. டிரில் மாஸ்டர் தம் கையாலேயே இவர்களுக்காக இரண்டு வில்லைகளை மாட்டினார். இவர்கள் பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் வாசலில் அவர் தலை தெரிந்தது. சீஃப் சீக்கிரம் திரும்பிவிட்டாராம். சத்தம் காட்டாமல் மறைந்திருக்கச் சொன்னார். அவரை அந்தப் பக்கம் கூட்டிப் போய்விட்டு வந்து வெளியே விடுவதாகச் சொன்னார்.

அப்புறம்தான் அந்த 'தப்'.

ஜன்னல்களுக்கு வெளியே பாதுகாப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதன் வழியே பழைய எண்ணெய் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. விலா எலும்புகளைப்போல வளையங்கள் வரிசையாக முன்னே போய் இருட்டில் கரைந்தன. கைபேசிகள் கேட்டில் காவலாளியின் டப்பாவில் இருந்தன. ராணுவ வேலை நடக்கிற இடத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

ரேடியோவின் காது திடீரென்று அடைத்தது.

எங்கிருந்தோ ஒரு சீறல். மெல்லியது, விடாதது. தரைக்கடியில் ஒரு பெரிய பிராணி நித்திரையில் மூச்சு விடுவதுபோல.

"அண்ணி... காத்து."

"ம்."

"ஊத ஆரம்பிச்சிட்டாங்க. நம்மள வெச்சுக்கிட்டே ஊதறாங்க!"

சத்தம் காட்டாமல் இருக்கிற கட்டம் முடிந்தது. ரேடியோ ஓடினான். கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான், காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான். அது உள்பக்கமாக இழுத்துத் திறக்கிற கதவு. உள்ளே காற்று ஏற ஏற, காற்றே அதைச் சட்டத்தோடு வைத்து அழுத்தும். ஒரு லாரியைக் கதவில் சாய்த்து நிறுத்திய மாதிரி. முஷ்டியால் சுவரைக் குத்தினான். செருப்பால் அடித்தான்.

சுவர் பதிலுக்கு அடித்தது. 'டொம்!'

"யாரோ கேட்டுட்டாங்க!"

"இல்ல தம்பி. தகடு. காத்து ஏறும்போது உடம்பு விரிஞ்சு இப்படி டொம்மு டொம்முன்னு சொடக்கெடுக்கும்னு சோப்பு அக்கா சொல்லலையா? நீ எவ்வளவு அடிச்சாலும் யானை சோம்பல் முறிக்குதுன்னுதான் நெனப்பாங்க."

'டொம்' என்றது இன்னொரு தகடு, தலைக்கு மேலே. ரேடியோ உட்கார்ந்துவிட்டான். மூச்சு விட இடமில்லாத இடம் இல்லை அது. இரண்டு பேருந்துகளை அருகருகே நிறுத்தலாம். ஆனாலும் சுவர்கள் அவன் தோளைத் தொடுகிற மாதிரி இருந்தது.

"எவ்வளவு ஊதுவாங்க?"

"பறக்கும்போது தாங்கவேண்டியதவிட அதிகமா. படிப்படியா ஏத்துவாங்களாம். ஆரம்பத்துல ஒவ்வொரு படியிலயும் நிறுத்தி, சோப்பு கோஷ்டி வெளிய சுத்தி வந்து காது குடுத்துக் கேக்கும். அதுக்கு மேல போனா வெடிச்சிடுமோன்னு பயந்து எல்லாரும் தூரப் போயிடுவாங்க. அப்புறம் கிட்ட யாரும் வரமாட்டாங்க."

"அப்ப இந்த மொதல் ரெண்டு படிக்குள்ள..."

"ஆமா."

"சீஃப் வேலை!" என்று ரேடியோ எழுந்தான். "நிழல் படக் கூடாதுன்னான், இப்ப நெஜத்தையே உள்ள வெச்சு அமுக்கறான். வில்லையைக் கழட்டி ஜேபில போட்டுருப்பான். கண்ணாடியாரத் தள்ளிவிட்டதும் அவன்தான். நான் அப்பவே சொன்னேன்."

"நீ சொல்லல."

"மனசுல சொன்னேன்."

அண்ணி கொண்டையைச் சரிசெய்துகொண்டு தரையில் உட்கார்ந்தாள். வீட்டில் கரண்டு போனால் உட்கார்வாளே, அதே மாதிரி.

"அந்தப் பைக்குள்ள இருந்த ரெஞ்சப் பாத்தியா?"

"பாத்தேன். ரெஞ்சு."

"நம்பர் அடியில இருந்துச்சு. இறக்கி வெச்சிருந்தாங்க. அறிக்கையில என்ன இருக்கு? பாதி போல்ட்டு முடிச்சிட்டு, வேலை நடுவுல விழுந்தார். வேலை நடுவுல எவனாவது நம்பர இறக்குவானா?"

ரேடியோ வெறுங்கையைக் காற்றில் திருகிப் பார்த்தான்.

"அவர் விழுந்தார், ரெஞ்சும் விழுந்துச்சு. அப்புறம் யாரோ அதக் கையில எடுத்திருக்காங்க. எடுத்தவங்க கை சும்மா இருக்கல. திருகி, அடிக்கு இறக்கி, பக்கத்துல வெச்சிட்டுப் போயிருக்கு. புத்தி சொல்லிச் செஞ்சதில்ல தம்பி அது. வருஷக்கணக்கா பழகின கை. பொணத்துக்குப் பக்கத்துல நின்னாலும் அந்தக் கைக்கு ரெஞ்சு அப்படியே கெடந்தா பொறுக்காது. அங்க இன்னொரு ஆள் இருந்தான்கறதுக்கு இது போதும்."

"சீஃப்..."

"சீஃப் காலைல ரெஞ்ச எடுத்து என்ன பண்ணார்?"

எறிந்தார். 'டங்'கென்று எறிந்தார். திருகவில்லை.

வேறு யாருடைய கை திருகியது என்பது ரேடியோவுக்கும் நினைவு வந்தது. கொட்டகையில் இருக்கிற தொழிலாளி அத்தனை பேர் கையும் அப்படித்தான் திருகும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

"நாம உள்ள இருக்கறது டிரில் மாஸ்டருக்குத் தெரியுமே. அவர் சொல்லிடுவார் அண்ணி."

"சொல்றதா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பார்," என்றாள் அண்ணி. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை உலுக்கியது. "அத அப்புறம் பேசுவோம். மேல ஏறு."

"எங்க?"

"கண்ணாடியார் ஏறின எடத்துக்கு. மஞ்சள் கோடு எங்க நிக்குதோ அங்க. எதையோ பாத்துட்டுதான் அவர் நிறுத்தியிருக்கார்."

"விழுந்து செத்த எடத்துலயா? அண்ணி, எனக்கு நாற்காலி மேல ஏறி பல்பு மாட்டவே ஆள் புடிக்கணும்!"

"நான்தான் புடிக்கறேன். ஏறு."

இரும்புப் படிகள் சுவரோடு நேராக மேலே போயின. காற்று கனத்திருந்தது. ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் காதுக்குள் ஏதோ 'கிளிக்'கென்றது. கீழே பார்க்காதே என்று அண்ணி சொன்னாள், எனவே பார்த்தான். அவளுடைய நெற்றி மட்டும் வெளிறித் தெரிந்தது.

வளையத்தின் உச்சியில் போல்ட்டுகள் பற்கள்போல வரிசையாக நின்றன. மஞ்சள் கோடு, மஞ்சள் கோடு, மஞ்சள் கோடு. பிறகு இல்லை.

"இங்கதான் நிக்குது. ஆனா ஒண்ணுமில்லையே. போல்ட்டு, போல்ட்டு. நடுவுல வெறும் பெயிண்டு."

"சட்டையிலேர்ந்து ஒரு நூல உருவு. அங்க காட்டு."

ஒரு கையால் படியைக் கட்டிக்கொண்டு, பல்லால் பொத்தான் நூலை இழுத்து அறுத்தான். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே பிடித்தான். நூல் தொங்கியது. சற்று நகர்த்தினான். நூலின் நுனி தானாக எழுந்து, வழவழப்பான பெயிண்டில் போய் ஒட்டிக்கொண்டது. காந்தம் இழுத்த ஊசி மாதிரி.

"அண்ணி! இழுக்குது!"

"தட்டிப் பாரு."

நகத்தால் தட்டினான். உலோகம் 'டிங்'கென்றது. அந்த இடம் மட்டும் 'தொப்'பென்றது.

"ஓட்டை," என்றான் மெதுவாக. "போல்ட்டு வரவேண்டிய எடத்துக்குப் பக்கத்துல தப்பா ஒரு ஓட்டை போட்டு, எதையோ அடைச்சுப் பெயிண்டு அடிச்சிருக்காங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல..."

"பழமொழி அப்புறம். இந்தா."

கொண்டை ஊசியை அவள் மேலே எறிந்தாள். அவன் தவறவிட்டான். மறுபடி எறிந்தாள். பிடித்துவிட்டான், ஒரு கணம் இரண்டு கையும் படியில் இல்லை என்பதை அதன் பிறகே உணர்ந்தான். படியை மறுபடி கட்டிக்கொண்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியைப் பெயிண்டில் குத்தினான். குத்தித் திருகினான். முதலில் மாவுபோல உதிர்ந்தது. பிறகு அடைப்பு முழுதாக அந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு போக—

வீல்!

காது கிழிகிற விசில். வளையத்துக்கு அப்பால் யானையின் வால், உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுக் கூடு. ஊதுகிற சங்கு மாதிரி அது அந்தச் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கியது.

"கேக்கும்!" என்று கத்தினான். "செவிடனுக்கும் கேக்கும்!"

"கேட்டா ஓட்டைன்னு நெனப்பாங்க, ஆள்னு நெனக்கமாட்டாங்க! கட்டைவிரல வெச்சு மூடு. அப்புறம் எடு. மூடு, எடு."

மூடினான். அமைதி. எடுத்தான். வீல்!

"பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கு அண்ணி!"

"அப்படியே ஒரு விசிலா அடி. ரெண்டு அடிச்சுத் தொலைக்காத. போலாம் ரைட்டுன்னு இன்னும் ஊதிடப் போறாங்க."

ஒரு விசில். நிறுத்தம். ஒரு விசில். நிறுத்தம். கட்டைவிரலை ஓட்டை உறிஞ்சியது. தோள் இற்றுப்போனது. கீழிருந்து வந்துகொண்டிருந்த சீறல் ஒருமுறை நின்றது. ஆஹா என்று நினைப்பதற்குள் மறுபடி தொடங்கி, இன்னும் உரக்கச் சீறியது. அடுத்த படி. 'டொம்' என்றது சுவர். ரேடியோவின் மூக்கிலிருந்து சூடாக எதுவோ உதட்டுக்கு இறங்கியது. உப்புக் கரித்தது.

"அண்ணி, கை விட்டுடும் போலிருக்கு."

"உங்க அண்ணன்கிட்ட போய், பாதியில விட்டுட்டு வந்தேன்னு சொல்லப் போறியா?"

அவன் விடவில்லை. ஒரு விசில். நிறுத்தம். ஒரு விசில்.

அப்போது வளையத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, அவன் விரலுக்கு நேர் எதிரே, யாரோ உலோகத்தில் தட்டினார்கள். டக். நிதானமாக. பிறகு வாலுக்குள் காலடிகள் தடதடவென்று ஓடின. ஒரு பெண் குரல் கத்தியது. அந்த வெற்றுக்கூடு அந்தக் கத்தலையும் சங்காக்கி அவனிடம் கொண்டுவந்தது.

"நிறுத்துங்க! உள்ள ஆள் இருக்கு! ஓட்டை எங்கயாவது மூச்சு வாங்குமா? நிறுத்துங்கடா!"

சீறல் நின்றது.

காற்றை மெதுவாக இறக்கினார்கள். அந்த நேரம் முழுக்க ரேடியோ தரையில் மல்லாந்து கிடந்தான். அண்ணி தன் கைக்குட்டையால் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தபோது வெளிச்சம் கண்ணைக் குத்தியது. படிக்கட்டின் அடியில் சீஃப் நின்றார். அவருடைய நெடுநெடு உயரத்தில் பாதி குறைந்துபோன மாதிரி இருந்தது.

"பலகை காலியா இருந்துச்சு," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "நானே பாத்தேன். ஒரு வில்லைகூட இல்ல. காலியா இருந்துச்சு."

அவரைத் தள்ளிக்கொண்டு சோப்பு அக்கா வந்தாள். வாலிலிருந்து நேராக ஓடிவந்தவள். முழங்கை வரை நுரை. இவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், உயிர் இருக்கிறதா என்று. பிறகு மேலே, இருட்டில் தெரியாத அந்த வளையத்தை நோக்கி நிமிர்ந்தாள்.

"அங்க ஓட்டையே இருக்கக் கூடாது," என்றாள் சீஃபைப் பார்த்து. "ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல. என் விரல் உள்ள போகுது. அங்கேர்ந்து ஒரு கீறல் கிளம்பினா, வானத்துல வெச்சு வாலே தனியாப் போயிடும்."

"கண்ணாடியார் போட்ட மஞ்சள் கோடு அங்கதான் நிக்குது," என்றாள் அண்ணி. "அவர் கவனக்குறைவா விழலம்மா. கவனமாப் பாத்ததாலதான் விழுந்தார். அவர் விழுந்தப்போ பக்கத்துல ஒருத்தர் இருந்தார்."

சீஃப் நெற்றியைத் துடைத்தார். அந்த வளையம் ஒரே வார்ப்பில் எடுத்தது. கெட்டுப்போனால் ஒட்டுப்போட முடியாது, புதிதாக வார்க்கவேண்டும். யானை ஒரு வருஷம் படுத்துவிடும். கூடி நின்ற எல்லோருக்கும் அது தெரியும். அந்த வளையத்துக்குத் துளை போட்டது யார் என்பதும் தெரியும்.

சீஃப்தான் முதலில் அசைந்தார். பக்கத்திலிருந்த காவலாளியிடம் தாழ்ந்த குரலில், "வாசல்ல இருக்கற அந்தப் படத்த இறக்கு" என்றார்.

சோப்பு அக்கா கேட்டது அவ்வளவுதான். கிடைத்துவிட்டது. ஆனால் அவள் காவலாளியின் பக்கம் திரும்பவில்லை. கூட்டத்தில் தேடினாள். பலகைக்குப் பின்னால், கையை ஜேபிக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தார் டிரில் மாஸ்டர். ஜேபிக்குள் இரண்டு பித்தளைத் துண்டுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா," என்றாள் அவள். "பின் வளையம் உன் வேலைதானே?"

அவர் தலையாட்டினார்.

"டிரில் ஒரு கணம் நழுவிடுச்சு தங்கச்சி. இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ. சொல்லியிருக்கணும். சொல்ல முடியல. அடைச்சுட்டேன். மச்சான் கண்ணுல பட்டுடுச்சு." பலகையைப் பிடித்துக்கொண்டார். "ரெஞ்சுல நம்பரக்கூட இறக்காம, கொக்கியக் கழட்டிட்டு இறங்கினான், இப்பவே போய்ச் சொல்றேன்னான். நான் அவனுக்கு அடுத்த கீழ்ப்படியில நின்னு கையப் புடிச்சேன். விடு மச்சான்னு உதறினான். நான் தள்ளல. சத்தியமாத் தள்ளல. இன்னிக்குக்கூட, உள்ள ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொல்ல வாயத் திறந்தேன். வரல தங்கச்சி. வாய் வரல."

ரேடியோவுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அண்ணி அவன் முழங்கையைப் பிடித்தாள். அவள் பார்வை சோப்பு அக்காவின் மேலேயே இருந்தது. அடுத்து என்ன கேட்கப் போகிறாள் என்று தெரிந்தவள்போல, அதைக் கேட்காமல் இருந்தால் நல்லது என்று நினைப்பவள்போல.

சோப்பு அக்கா அண்ணனுக்கு அருகே போனாள். கையிலிருந்து நுரை தரையில் சொட்டிக்கொண்டே போயிற்று.

"விழுந்ததும் போயிட்டாரா?"

அவர் தரையில் சொட்டிய நுரையைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல. உடனே போயிட்டாரா, உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பேசினாரா?"

"ம்."

"என்ன சொன்னார்?"

டிரில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"'மச்சான், யாரையாவது கூப்பிடு'ன்னான்."

சோப்பு அக்கா கையிலிருந்த நுரையை வழித்து எறிந்தாள்.

"கூப்பிட்டியா?" என்று கேட்டாள் அவள்.